நாற்காலிக்கு வயசு ஏற்றினோம்

பழைய சாமான் வாங்கப் போகிறவன் கூடத்தைப் பார்க்கக் கூடாது. கூடத்தில் இருப்பதற்கு விலை உண்டு என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியும். கொல்லைப்புறம் போக வேண்டும். கோழி எதற்குள் அடைகிறது, தவிடு எதில் கிடக்கிறது, விறகை எதன்மேல் அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்பேன். செம்பு கைக்கு வந்ததும் நிழலுக்கு ஒதுங்குகிறவன் மாதிரி மெல்ல வீட்டின் பின்னால் போய்விடுவேன்.

போடிக்கும் ராசிங்காபுரத்துக்கும் நடுவில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்படி ஒதுங்கியபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஆள் படுக்கிற நீளம். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வாயில் கம்பி வலை அடித்துக் கோழி அடைத்திருந்தார்கள். மேலெல்லாம் எச்சம். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் கட்டைவிரலில் தொட்டு மூலையில் ஓர் இடத்தைத் தேய்த்தேன். அழுக்குக்குக் கீழே கறுப்பும் ஊதாவுமாக வரி ஓடியது. ஈட்டி மரம். இந்தக் காலத்தில் காட்டில் போய் வெட்டினால் ஜெயில். நெஞ்சு அடித்துக்கொண்டது வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து, பக்கத்தில் கிடந்த ஓட்டை வாளியைக் காட்டி அதற்கு என்ன விலை என்று கேட்டேன்.

கடைசியில் வாளியையும் வாங்கினேன், பெட்டியையும் வாங்கினேன். கோழிக்கு எங்கே போவது என்று அந்த வீட்டம்மா கேட்டார். வலை அடித்துக் கதவு வைத்த புதுக்கூடு ஒன்று செய்து கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் பெட்டியை எடுத்தேன். கோழிகளுக்குப் புதுக்கூடு பிடிக்கவில்லை. பெட்டி வண்டியில் ஏறியபோது இரண்டு கோழிகள் அதன் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டன.

இந்தத் தொழில் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு மலையில் ஏலத்தோட்டத்தில் களை வெட்டினேன். அட்டை கடித்த புண் ஆறுவதற்குள் அடுத்த புண் வரும். அது அங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். மூணாறில் டீக்கடையில் கிளாஸ் கழுவி, அங்கிருந்து கொச்சிக்கு இறங்கி, மட்டாஞ்சேரிப் பக்கம் சுமை தூக்கினேன். அங்கே பழைய சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. கால் ஒடிந்த மேசை, பூட்டு இல்லாத பெட்டி, கண்ணாடி போன அலமாரி எல்லாவற்றையும் வெளிநாட்டுக்காரர்கள் குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்ப்பார்கள். கடை வாசலில் சாக்கை விரித்துப் படுத்திருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். எங்கள் ஊரில் இதெல்லாம் கொல்லையில் கிடக்கிறதே என்று தோன்றியது. எழுபதுகளின் கடைசியில் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் எனக்கு ஓர் ஆசாரி கூட்டுச் சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூக்குப்பொடிக்காரர், வாய் அடங்காதவர். தன்னைப் போல வேலைக்காரன் மதுரைக்கு இந்தப் பக்கம் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ஏறுகிற தூரத்தில், ஒரு சின்ன எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோர் இருந்தது. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு எரித்து, சூட்டுக் குழாய் விட்டுக் காய வைக்கிற கட்டிடம். அதன் சுவரை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பை எங்களுக்குச் சும்மா விட்டிருந்தார்கள். பதிலுக்கு ஸ்டோரின் தட்டு, கதவு உடைந்தால் ஆசாரி சரி செய்து கொடுக்க வேண்டும்.

நான் கொண்டுவருகிற சாமானில் பாதிக்கு மேல் ஊனம். மூன்று கால் நன்றாக இருக்கும், ஒன்று கரையான் தின்றிருக்கும். புதுக்கால் செய்வது ஆசாரிக்குப் பெரிய காரியமில்லை. அதைப் பழைய கால்களோடு சேர்த்து நிற்க வைத்தால் நான்கும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும், அதுதான் வேலை. துருப்பிடித்த ஆணிகளைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்தால் மை மாதிரி கறுத்துவிடும். அதைப் பூசி, காய்ந்ததும் தவிட்டால் தேய்த்து, அடுப்புக்கரியை நல்லெண்ணெயில் குழைத்து மூலைகளில் ஏற்றி, கோணியால் துடைப்போம். பிறகு ஸ்டோருக்குள் ஒரு மூலையில் சூட்டில் நிறுத்திவிட்டால், பச்சை முகம் போய் மரம் அடங்கிவிடும். இந்தக் கடைசி வித்தை எங்கள் இரண்டு பேருடைய கண்டுபிடிப்பு. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தேவாரம் ஊரிலிருந்து அந்தப் பெண் ஜீப்பில் ஏறி வந்தது அந்தச் சமயத்தில்தான். முப்பது வயது இருக்கும். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து வந்து இறங்கியவர், ஜீப்புக்கு மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு நாற்காலியையும் இறக்கச் சொன்னார். சாக்குச் சுற்றியிருந்தது. நான் சாக்கை அவிழ்த்தேன். ஆசாரி பொடி டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஒரு பொருளுக்கு அப்படி மரியாதை செய்து அதுவரை நான் பார்த்ததில்லை.

உயர்ந்த முதுகு, அகலமான கைகள், பிரம்புப் பின்னல் இருக்கை. முழுக்க ஈட்டி. ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மரமுளை. வலது கையில் சுருட்டு வைத்துச் சுட்ட வடு, வரிசையாக. அந்தக் கையின் அடிப்பக்கத்தைத் தடவினால் விரலில் வெள்ளையாக ஒட்டியது. வெற்றிலைக்குத் தடவியதுபோக விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அங்கேயே துடைத்துத் துடைத்து, பூச்சு மாதிரி ஏறியிருந்தது.

அது அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்த நாற்காலி. ராசிங்காபுரத்தில் நிலபுலத்தோடு இருந்த மனிதர். ஊர் வழக்கெல்லாம் அவர் அதில் உட்கார்ந்துதான் பேசி முடிப்பார். அவர் போன பிறகு, பெண்ணின் அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றில் முறை வைத்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள். ஒரு சத்தம் இல்லை. நாற்காலியில் வந்து நின்றுவிட்டது. மூத்தவன் நான், எனக்குத்தான் என்றார் அண்ணன். கடைசிவரை பீ மூத்திரம் அள்ளியவன் நான் என்றார் தம்பி. ஒருத்தர் வருகிற தெருவில் ஒருத்தர் போவதில்லை. பெரியவர்கள் கூடி, நாற்காலி பொதுவாகப் பெண்பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று தேவாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்கும், மகளுக்கும் மகனுக்கும், சேர்த்து முடியெடுத்துக் காது குத்தக் குலசாமி கோயிலில் நாள் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இரண்டு பிள்ளை, இரண்டு மாமன். ஆனால் அவன் வந்தால் நான் வரவில்லை என்று இரண்டு மாமன்களும் சொல்லியிருந்தார்கள். மாமனில்லாமல் குத்தினால் புகுந்த வீட்டில் தலை நிமிர முடியாது. ஒருத்தரை மட்டும் அழைத்தால் இன்னொருவரோடு காலத்துக்கும் அறுந்துவிடும்.

அதற்கு அந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதைச் சொல்லும்போது அழவில்லை. கொஞ்சம் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

“எங்கண்ணே சொல்லுது, ஆயிரம் நாற்காலிக்குள்ள கொண்டுபோய்ப் போட்டாலும் அப்பா நாற்காலிய நான் கண்டுபிடிச்சிருவேன்னு. எந் தம்பியும் அதையேதான் சொல்றான். ஆயிரம் எதுக்கு, ரெண்டு போடுறேன், கண்டுபிடிங்கன்னுட்டேன். அவுகவுக எதைக் காட்டுறாகளோ அதுல உக்காந்து பிள்ளைய மடியில வைக்கணும், அதையே வீட்டுக்குக் கொண்டுபோகணும், பெறகு பேச்சு இல்ல. சாமி மேல சத்தியம் வாங்கிட்டேன்.”

“ரெண்டு பேரும் ஒண்ணையே காட்டுனா?” என்றார் ஆசாரி.

“காட்டுனா நான் செத்தேன். ஊர் பூரா கூடியிருக்கிற எடத்துல அடிச்சுக்கிருவாக. வித்தியாசம் தெரிஞ்சாத்தான ஒண்ணையே காட்டுவாக? தெரியாட்டா எந் தம்பி எதைக் காட்டுவான்னு எனக்குத் தெரியும். அண்ணே காட்டாததைக் காட்டுவான். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்.”

ஆசாரி மடியிலிருந்து பொடி டப்பாவை மறுபடி எடுத்தார். தன் வீட்டில் இப்படி ஒரு தங்கை இருந்தால் தான் இந்நேரம் மந்திரியாகியிருப்பேன் என்றார். பிறகு நாற்காலியைச் சுற்றி வந்தார். இதைச் செய்ய வெறும் மரம் ஆகாது, இதே வயதுள்ள மரம் வேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாய்ப்பின் மூலையைத் திரும்பிப் பார்த்தோம். கோழிப்பெட்டி அங்கே இருந்தது.

அதைக் கொச்சி வியாபாரி ஒருவர் பார்த்துப் பேசி வைத்திருந்தார். போகப்போகிற பணத்தை மனசு ஒரு தடவை கணக்குப் போட்டது. ஆனால் ஆசாரி மரம் அறுக்கிற வாளை எடுத்துப் பல் தீட்ட ஆரம்பித்தபோது, எப்படி வரப்போகிறது என்று பார்க்கிற ஆசை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் உடம்பு பரபரக்கிறது. பெட்டியை அறுத்தபோது உள்ளே மரம் நேற்று வெட்டியது மாதிரி ஊதாச் சிவப்பாக இருந்தது. பன்னீர்ப்பூ வாசம் மாதிரி ஒரு வாசம் அடித்தது. ஆசாரி அளவுகோல் எடுக்கவில்லை. நாற்காலியின் ஒவ்வோர் உறுப்பின்மேலும் பலகையை ஒட்ட வைத்துக் கீறிக்கொண்டார். முன் இடது கால் நூலளவு கட்டையாக இருந்தது. அதையும் அப்படியே கட்டையாகச் செய்தார். முதுகில் செதுக்கியிருந்த கொடியில் ஓர் இலை கோணல். பழைய ஆசாரியின் உளி வழுக்கியிருக்கிறது. அந்தக் கோணலைச் செய்யத்தான் இவருக்கு மிகவும் நேரம் பிடித்தது. சரியாகச் செய்து பழகிய கை தப்பாகச் செய்ய மாட்டேன் என்கிறது என்று உளியையே திட்டினார்.

வயசு ஏற்றுகிற வேலை என் பங்கு. நான் சுருட்டுக் குடித்து இருமி, ஒவ்வொரு சுருட்டையும் அந்தந்த இடத்தில் வைத்து வடு வாங்கினேன். முழங்கை படுகிற இடத்தை என் முழங்கையாலேயே தேய்த்தேன். தோல் உரிந்தது, மரமும் பளபளத்தது. காலடிகளைக் கல்லில் இழுத்தேன். பிரம்பைத் தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்துப் பின்னி, நனைந்த மணல் மூட்டையை இருக்கையில் வைத்து, ஒரு மனிதர் முப்பது வருஷம் உட்கார்ந்த பள்ளத்தை உண்டாக்கினேன்.

சுண்ணாம்புதான் படுத்தியது. கரண்டியால் பூசினால் கரண்டியால் பூசியது என்று கத்திச் சொன்னது. விரலால் தடவினாலும் சரிப்படவில்லை. உண்மையாக வெற்றிலை போடுகிறவன் எதையோ யோசித்துக்கொண்டு துடைக்கிற மாதிரி துடைக்க வேண்டும் என்றார் ஆசாரி. எனக்கு அதுவரை வெற்றிலைப் பழக்கம் இல்லை. புது நாற்காலியில் உட்கார்ந்து காலை முதல் வெற்றிலை போட ஆரம்பித்தேன். நாக்கு வெந்து, இரண்டு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. ஸ்டோரில் வேலை செய்த பெண்கள், காய்ந்த ஏலத்தைச் சூட்டோடு தேய்த்துக் காம்பு நீக்குகிறவர்கள், வந்து வேடிக்கை பார்ப்பார்கள். பண்ணையார் இன்று என்ன வழக்குப் பேசுகிறார் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கக் கேட்க நானும் உண்மையாகவே பேச்சுவாக்கில் துடைக்கக் கற்றுக்கொண்டேன். சுண்ணாம்பு ஏற ஆரம்பித்தது.

கடைசியாகப் புது நாற்காலியை ஸ்டோருக்குள் சூட்டில் வைத்து எடுத்தோம். பழையதன் பக்கத்தில் நிறுத்தினோம். ஆசாரி என் தோளில் ஓர் அடி வைத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

காதுகுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்தப் பெண் பார்க்க வந்தார். இரண்டையும் சுற்றி வந்தார். குனிந்தார், தடவினார், உட்கார்ந்தார். சுருட்டு வடுவில் விரலை வைத்தபோது கண் கலங்கிவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. பிறகு அவர் மூக்கைச் சுருக்கினார்.

“இது என்னண்ணே, பாயசம் காய்ச்சுன சட்டி மாதிரி மணக்குது?”

நானும் ஆசாரியும் குனிந்து மோந்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரம் மரமாக இருந்தது. அந்தப் பெண் எங்களை விநோதமாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் எங்கள் சட்டை ஏலம், சோறு ஏலம், படுக்கிற சாக்கு ஏலம். சந்தைக்கு இறங்கினால் பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவன் திரும்பிப் பார்ப்பான். எங்களுக்கு எதற்கென்று புரியாது. ஏலம் காய்கிற இடத்திலேயே கிடந்த மூக்குக்கு ஏலவாசம் தெரிவதில்லை. ஆனால் அந்தச் சூட்டில் புது நாற்காலி ஏலத்தை வயிறு முட்டக் குடித்திருந்தது. பழைய நாற்காலி மட்டும் சாய்ப்பில், காற்றோட்டத்தில், சாக்குப் போர்த்தி நின்றிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும், அண்ணனும் தம்பியும் மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

புது நாற்காலியை வெயிலில் போட்டோம். சாணித் தண்ணீரில் கழுவினோம். வைக்கோலுக்குள் புதைத்தோம். ஸ்டோருக்கு அரிசி ஏற்றி வந்த ஜீப்பு டிரைவர் போடிக்காரர். அவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னோம். சாணியும் ஏலமும் சேர்ந்து வருகிறது என்றார்.

மிஞ்சிய வழி ஒன்றுதான். அதை நான் சொன்னதும் ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய நாற்காலியையும் சூட்டுக்குள் வைப்பதா? புதியதுக்கு முளை இறுக்கமாக இருந்தது, தாங்கியது. பழையதன் முளைகள் அத்தனை வருஷம் தேய்ந்தவை. காய்ந்து சுருங்கினால் மூட்டு விட்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் வந்துவிடும். முதுகுப் பலகை வெடித்தாலும் வெடிக்கும். மற்றவன் அப்பனின் நாற்காலியை நான் கொல்ல மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். ஜோடி சேர்க்கிற யோசனையையே விட்டுவிட்டால் பழையதாவது பிழைக்கும்.

முடிவு அந்தப் பெண்ணுடையது. மறுபடி ஜீப்பில் ஏறி வந்திருந்தார். புருஷனிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பாவுக்கு நாற்காலியா பெருசு? நாங்க மூணு பேரும் ஒத்துமையா இருக்கணும்னுதான் கெடந்து தவிச்சுது. உள்ள வைங்கண்ணே. ஒடைஞ்சா எந் தலையில ஒடையட்டும்.”

அன்று ஸ்டோரில் அந்தப் பருவத்தின் கடைசி லோடு காய் காய்ந்துகொண்டிருந்தது. விறகைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினோம். ஆசாரி பழைய நாற்காலியின் ஒவ்வொரு மூட்டிலும் ஈரத்துணி சுற்றினார். அடையாளத்துக்காக அதன் பின்காலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். இரண்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். அந்தப் பெண்ணைக் கடைசி ஜீப்பில் அனுப்பிவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார் ஆசாரி. மரம் வெடித்தால் துப்பாக்கி மாதிரி சத்தம் வரும். ஒரு தடவை டப்பென்று கேட்டது. விறகுதான். 

காலையில் நாங்கள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பெண்கள் காய் அள்ள உள்ளே போயிருந்தார்கள். வழியை அடைத்து நின்ற நாற்காலிகளைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். வெயிலில் இரண்டும் பக்கம் பக்கமாக நின்றன. முழுசாக. ஒரு மூட்டு விடவில்லை, ஒரு பலகை பிளக்கவில்லை. நான் ஓடிப்போய் ஒன்றில் உட்கார்ந்து, எழுந்து, மற்றதில் உட்கார்ந்தேன். கிறீச் என்ற சத்தம்கூட இல்லை.

ஆசாரி பின்கால்களைப் பார்த்தார். நூல் இல்லை. சுற்றிய துணிகளும் இல்லை.

பெண்களில் ஒருத்தி சொன்னாள், ஈரத்துணி காய்ந்து கிடந்தது, தட்டுத் துடைக்க எடுத்தோம். நூலா? மூட்டை வாய் கட்ட ஒன்றும் அகப்படவில்லை, அதை அறுத்தோம். இதற்குப் போய் ஆசாரி இப்படி முழிக்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு.

ஆசாரி இரண்டையும் கவிழ்த்தார். முளைகளைப் பார்த்தார். கோணல் இலையைப் பார்த்தார். கட்டைக் காலைத் தரையில் ஆட்டிப் பார்த்தார். நானும் என் சுருட்டு வடுக்களைத் தேடினேன். இரண்டிலும் வடு இருந்தது, எவை நான் வைத்தவை என்று பிரிக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“தெரியல, அப்பு.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்து, பொடி மூக்கில் ஏறித் தும்மல் வந்து, தும்மிக்கொண்டே சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பெண்கள் இரண்டு பைத்தியங்களையும் விட்டுவிட்டுக் காய் தேய்க்கப் போய்விட்டார்கள்.

காதுகுத்தன்று கோயில் புளியமரத்தடியில் இரண்டு நாற்காலிகளையும் போட்டோம். கூட்டமே அதைச் சுற்றித்தான் நின்றது. சாமியைப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் முடியெடுத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, தின்னக் கரும்பு கொடுத்திருந்தார்கள். அண்ணன் மேளத்தோடு வடக்கே இருந்து வந்தார். தம்பி வேறொரு மேளத்தோடு தெற்கே இருந்து வந்தார். இரண்டு பேருக்குப் பின்னாலும் சீர்த்தட்டுகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அண்ணன்தான் முதலில் குனிந்தார். வடுவைத் தடவினார், கைக்கு அடியில் விரலை விட்டுச் சுண்ணாம்பைப் பார்த்தார். அடுத்ததிலும் பார்த்தார். அவர் நெற்றி வேர்த்தது. பிறகு மோந்தார். 

“ஏலக்காய் மணக்குதே,” என்றார்.

“அப்பா வெத்திலைப் பெட்டியில ஏலக்காய் இல்லாம என்னைக்கு இருந்துச்சு?” என்றார் தங்கை, கண்ணை இமைக்காமல்.

அண்ணன் தலையை ஆட்டினார். மற்றதையும் மோந்தார். அதிலும் அதே வாசம். கூட்டத்தில் யாரோ, நாற்காலிக்கே மயங்குறாரு, மாடு பிடிக்கப் போனா என்ன செய்வாரோ என்றார். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிழக்கே இருந்ததைக் கையால் தட்டி, இதுதான் எங்கப்பாவுது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அந்தப் பெண் தம்பியைப் பார்க்கவில்லை; பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மேற்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கக்கூட இல்லை. அதன் முதுகைத் தடவினார். சிரித்தார்.

“கூடவே இருந்தவனுக்குத்தான தெரியும். இந்தா இருக்கு.”

அவர் உட்கார்ந்தாரோ இல்லையோ, அந்தப் பெண் மகளைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தார், மகனைத் தூக்கித் தம்பி மடியில் வைத்தார். காது குத்துகிற பத்தரை ஏற்கெனவே பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். வெரசா குத்துங்க என்றார். முதல் காதில் ஊசி இறங்கியதும் மகள் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. அதைப் பார்த்து மகனும் ஆரம்பித்தான். இரண்டு மாமன்களும் இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் காட்டிக் கொஞ்சினார்கள். எழுந்திருக்க வழியில்லை. மகன் கையை உதறியதில் தம்பியின் பழம் கீழே விழுந்துவிட்டது. அண்ணன் யோசிக்காமல் தன் கையிலிருந்ததை நீட்டினார். தம்பி யோசிக்காமல் வாங்கினார்.

கிடாய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னவனிடம் சொல்லிவிடாதே, அசல் என்னிடம்தான் இருக்கிறது என்றார். பந்தியில் தம்பி அதையே எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

ஆசாரி மட்டும் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகளை வண்டியில் ஏற்ற இன்னும் ஆள் வரவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றின் கைக்கு அடியில் நகத்தால் துளி சுண்ணாம்பைச் சுரண்டி நாக்கில் வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பல வருஷத்துச் சுண்ணாம்பு செத்துச் சப்பென்று இருக்கும். நான் வைத்தது சுட வேண்டும். பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். மற்றதிலும் சுரண்டினார். நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னண்ணே?”

“ரெண்டும் செத்துப்போச்சு. ஸ்டோர் சூடு உன் சுண்ணாம்பையும் கொன்னுருச்சு.” சொல்லிவிட்டுத் துப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “சரி, உன் டப்பாவ எடு. நல்ல சுண்ணாம்பாக் குடு.”

அந்த நாற்காலிக்காகப் பிடித்த வெற்றிலை என்னை விடவே இல்லை. மடியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டே, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களாவைக் காலி பண்ணுகிறார்கள், அங்கே மாட்டுத் தொழுவத்தில் ஒரு கட்டில் கால் கிடக்கிறதாம் என்றேன். எத்தனை கால் என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். மீதி மூன்றை நாம் போடுவோம் என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.